சர்வர் டவுனா, சிக்னல் இல்லையா? ஐடிக்கும் ஐசிடிக்கும் நடுவிலுள்ள ஓர் எழுத்து

மாதத்தின் முதல் வாரம் ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விற்பனையாளர் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்கிறார். எனக்கு முன்னால் நிற்கும் பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மெஷினில் வைக்கிறார். திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. “சர்வர் டவுன் பாட்டி, செத்த உக்காருங்க” என்கிறார் விற்பனையாளர். வரிசை முணுமுணுக்கிறது. கால் மணி நேரம் கழித்து என்ன நினைத்தாரோ, மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பாதாம் மரத்தடியில் கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். பில் விழுந்துவிட்டது. பாட்டியின் பேரன் கையிலிருந்த போனில் எஸ்எம்எஸ் வந்த சத்தமும் கேட்டது.

சர்வர் டவுனாகவே இல்லை என்று அர்த்தம். ஆகியிருந்தால் பாதாம் மரத்தடியிலும் சக்கரம்தான் சுற்றியிருக்கும். கடைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் எது மக்கர் செய்தாலும் பழி சர்வர் தலையில்தான் விழும்.

தகவல் தொழில்நுட்பத்துக்கும் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கும், அதாவது ஐடிக்கும் ஐசிடிக்கும், என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாதாம் மரத்தடியைத்தான் காட்டுவேன். யாருக்கு எத்தனை கிலோ அரிசி, இந்த மாதம் வாங்கியாயிற்றா, இந்த ரேகை இந்தக் கார்டுக்கு உரியதுதானா என்பதையெல்லாம் பதிந்து வைத்து, தேடி எடுத்து, கழித்துக் கணக்குப் பார்ப்பது ஐடி. அந்தக் கணக்கு கடைக்கும், அங்கிருந்து பாட்டி வீட்டு போனுக்கும் போய்ச்சேரும் வழியையும் கூட்டிக்கொண்டால் ஐசிடி. நடுவில் வந்து சேர்ந்த ‘சி’ என்பது கம்யூனிகேஷன், அதாவது தொடர்பு. பாடப்புத்தகமும் ஏறக்குறைய இதையே சொல்லும்: ஐசிடி பெரிய வட்டம், ஐடி அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். பரீட்சைக்கு இது போதும். ஆனால் வட்டம் போட்டுக் காட்டும்போது ஒரு சங்கதி மறைந்துபோகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் பாலும் தண்ணீருமாகக் கலந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் கலக்காமல் இருப்பவை சட்டமும் பொறுப்பும். ஏடு யாருடையது, வழி யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு வேறு ஆட்களைத்தான் கைகாட்டுவார்கள்.

ஐடி என்ற சொல் தமிழில் படும் பாடு தனிக்கதை. “பையன் ஐடில இருக்கான்” என்றால் வேலை. “ஐடி ரெய்டு” என்றால் வருமான வரி. “ஐடி கார்டு” என்றால் அடையாள அட்டை. “ஐடி விங்” என்றால் கட்சிக்காக நாள் முழுக்க மீம் போட்டு, வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பிரிவு. அங்கே நடப்பது அக்மார்க் தொடர்பு வேலை. ஐடி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐசிடிக்கு இப்படித் தெருப்புழக்கம் கிடையாது. அரசாணையிலும், பள்ளி லேப் வாசலில் மாட்டிய பலகையிலும், ஐநா அறிக்கையிலும்தான் அதைப் பார்க்கலாம். “பொண்ணு ஐசிடில இருக்கா” என்று சொல்லி யாரும் சம்பந்தம் பேசியதில்லை.

முதலில் பிறந்தது ஐடிதான். 1958 நவம்பர்-டிசம்பர் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஹெரால்டு லீவிட், தாமஸ் விஸ்லர் என்ற இருவர், 1980களில் நிர்வாகம் எப்படி இருக்கும் என்று ஊகித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வந்துகொண்டிருக்கும் புதிய தொழில்நுட்பத்துக்கு இன்னும் நிலையான பெயர் இல்லை, நாங்கள் தகவல் தொழில்நுட்பம் என்று அழைக்கப்போகிறோம் என்றார்கள். அவர்கள் கணக்கில் அதற்கு மூன்று பகுதிகள். ஏராளமான தகவலை வேகமாகக் கையாளும் கணினி ஒன்று. முடிவெடுக்க உதவும் புள்ளியியல், கணித முறைகள் இன்னொன்று. மனிதர் யோசிப்பதைக் கணினி நிரலால் போலச்செய்து பார்ப்பது மூன்றாவது. (மூன்றாவதைப் படிக்கும்போது இன்றைய ஏஐ பேச்சு ஞாபகம் வராமல் இருக்காது.) தொலைபேசி, கம்பி, வானொலி எதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. அவர்களுடைய கவலையெல்லாம் அலுவலகச் சுவர்களுக்குள்: நடுமட்ட மேலாளர்கள் என்ன ஆவார்கள் என்பது.

தொலைபேசியை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அன்றைய அமெரிக்காவில் அது வேறொரு சாம்ராஜ்யம். தொலைபேசித் துறையைக் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், 1956இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைத்தொடர்பைத் தாண்டிக் கணினி வியாபாரத்தில் கால் வைக்கக்கூடாது. அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம், சரக்காக விற்கப்படாமல் பல்கலைக்கழகங்களுக்குக் கொஞ்சம் காசுக்கு உரிமம் தரப்பட்டதற்கும் இதுதான் காரணம். ஆக, தகவலும் தொடர்பும் தனித்தனியாக வளர்ந்தது பொறியியலால் மட்டும் அல்ல. நடுவே ஒரு சட்டவேலி இருந்தது.

கணினி இருந்தும் தொடர்பு இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டாம், நம் ரயில்வே முன்பதிவே போதும். கணினி வருவதற்கு முன் முன்பதிவு என்றால் பெரிய பெரிய லெட்ஜர்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் தேதிவாரியாக ஏடு. அந்த ஏடு எந்த கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் நிற்கவேண்டும். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, “இது அந்த வண்டிக்கான கவுண்டர் இல்ல சார்” என்று கேட்டுத் திரும்பியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் வேண்டுமானால், திரும்பக் கிளம்பும் நிலையத்துக்குத் தந்தி போகும். பதில் வந்தால் உண்டு.

1980களின் நடுவில், அரசின் கணினி நிறுவனமான சிஎம்சி எழுதிய இம்ப்ரெஸ் என்ற மென்பொருளோடு தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். எந்த கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்றானது பெரிய விடுதலைதான். ஆனால் ‘எந்த வண்டிக்கும்’ என்பதற்கு ஒரு வேலி இருந்தது. அந்த மையத்துக் கணினிக்குள் இருக்கும் வண்டிகள் மட்டுமே. ஐந்து மையம், ஐந்து கணினி, ஐந்து தனி ஏடு. தில்லிக் கணினியில் எந்தப் பெட்டியில் எந்த பெர்த் காலி என்பது சென்னைக் கணினிக்குத் தானாகத் தெரியாது. ஒரு வண்டிக்கு ஒரு லெட்ஜர் என்பது போய், ஒரு வட்டாரத்துக்கு ஒரு லெட்ஜர் என்று ஆகியிருந்தது.

இதை அவிழ்த்தது ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய கன்சர்ட் என்ற மென்பொருள். 1994இல் செகந்திராபாத்தில் முதலில் வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையில் வந்து சேர்ந்தன. மதுரையில் நின்றுகொண்டு ஹவுராவில் கிளம்பும் வண்டிக்கு பெர்த் கேட்பது அதற்குப் பிறகு சாதாரணமானது. 2002 ஆகஸ்ட் 3 அன்று ஐஆர்சிடிசி இணையதளம் திறந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு: தொடக்கத்தில், இணையத்தில் புக் செய்த டிக்கெட் கூரியரில் வீடு தேடி வரும். தகவல் நொடியில் போய்விட்டது, காகிதம் மட்டும் பழையபடி சைக்கிளில் வந்தது. இ-டிக்கெட் வர 2005 ஆயிற்று.

வங்கிக் கதையும் இதேதான். முதலில் பிராஞ்சுக்குள் கணினி வந்தது, பாஸ்புக் பளிச்சென்று அச்சாகி வந்தது, பணம் எடுக்க மட்டும் சொந்த பிராஞ்சுக்கே போகவேண்டியிருந்தது. எல்லா பிராஞ்சுகளையும் ஒரே வலையில் கோக்கும் கோர் பேங்கிங் வந்த பிறகுதான் கணக்கு பிராஞ்சை விட்டு வெளியே வந்தது.

தகவலும் தொடர்பும் ஒன்றாகக் கலந்தது எப்படி என்றும் பார்த்துவிடலாம். பழைய தொலைபேசியில் உங்கள் குரல் மின்அலையாக மாறி, அந்த அலை அப்படியே கம்பியில் ஓடும். டிஜிட்டல் முறையில் அந்த அலையை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். நொடிக்கு 64,000 பிட். “சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்பது எண்களின் வரிசையாகிவிடுகிறது. எண்ணாகிவிட்டால் அதைச் சேமிக்கலாம், சுருக்கலாம், பொட்டலம் பொட்டலமாக அனுப்பலாம். ரேஷன் கணக்கும் அம்மாவின் குரலும் ஒரே கம்பியில் போகும். கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். இணைப்பைத் திருப்பிவிடும் எக்ஸ்சேஞ்சும் கணினியாகவே மாறியது. 1984இல் தொடங்கப்பட்ட, அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட் வடிவமைத்த 128 இணைப்புக் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. ஏசி இல்லாமல், கிராமத்து வெயிலையும் புழுதியையும் தாங்கி ஓடவேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் முதல் நிபந்தனை. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது டெலிபோன் பெட்டி. உள்ளே இருந்தது மென்பொருளால் ஓடும் கணினி.

இந்தக் கலப்புக்குப் பெயர் வைக்க ஆளாளுக்கு முயன்றார்கள். ஜப்பானின் என்ஈசி நிறுவனத் தலைவர் கோஜி கோபயாஷி 1977இல் ‘சி அண்ட் சி’ என்றார், கணினியும் தொடர்பும் என்ற பொருளில். மறுவருடம் பிரான்சில் சிமோன் நோரா, அலென் மேங்க் இருவரும் அதிபருக்குக் கொடுத்த அறிக்கையில் ‘டெலிமாட்டிக்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். இரண்டும் உலகச் சொல்லாகவில்லை. ஐசிடியை வீட்டுச் சொல்லாக்கியது பிரிட்டிஷ் பள்ளிக்கூடம். 1997இல் டென்னிஸ் ஸ்டீவன்சன் தலைமையில் வந்த அறிக்கை ஐடியோடு ‘சி’யைச் சேர்த்து எழுதியது, 2000இல் வந்த தேசியப் பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயரே ஐசிடி ஆனது. ஐநா அமைப்புகளும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. ஏழை நாடுகளில் கணினியைவிட வானொலிக்கும் போனுக்கும்தான் ஆள்பலம் அதிகம். அவற்றை விட்டுவிட்டு வளர்ச்சியைப் பற்றி எப்படிப் பேசுவது?

தமிழில் இந்தப் பெயரை எழுதும்போது ஒரு சின்ன வழுக்கல் நேர்கிறது. ‘தகவல் தொடர்பு’ என்பது நமக்கு ஏற்கெனவே ஒரே சொல்; வெறும் தொடர்பையே அப்படித்தான் சொல்கிறோம். அதனால் ‘தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்’ என்று படிக்கிறவர், தகவல் ஒன்று, தொடர்பு ஒன்று என இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. டெலிபோன் சமாசாரம் போலிருக்கிறது என்று போய்விடுகிறார். நடுவில் இருக்கவேண்டிய ‘உம்’ காணாமல் போய்விட்டது. ‘தகவல், தொடர்புத் தொழில்நுட்பம்’ என்று ஒரு காற்புள்ளி வைத்தாலாவது தேவலை. இலங்கைத் தமிழர் ‘தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்’ என்கிறார்கள். ‘தொடர்பாடல்’ என்பது இருவர் மாறி மாறிப் பேசுவதை உணர்த்துவதால் எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். அங்கே க.பொ.த உயர்தரத்தில் (நம் பிளஸ் டூ மாதிரி) ஐசிடி ஒரு பாடம். எந்தத் தமிழ் மாணவரைக் கேட்டாலும் அந்த முழுப்பெயரை மூச்சுவிடாமல் சொல்வார். அங்கும் பெயர் மாறி வந்ததுதான். 1980களில் அமைந்த சின்டெக் மன்றத்தின் பெயரில் கணினியும் தகவல் தொழில்நுட்பமும் இருந்தன. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஐசிடிஏ முகவர் நிறுவனத்தின் பெயரில் கணினி போய்த் தொடர்பாடல் ஏறிக்கொண்டது.

தமிழ்நாட்டில் ‘சி’யைத் தேடினால் அது பொறியியல் கல்லூரியின் வேறொரு பிளாக்கில் இருக்கும். பி.டெக் ஐடி ஒரு துறை. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், அதாவது இசிஇ, இன்னொரு துறை. கவுன்சலிங் சமயத்தில் “சிஎஸ்ஸா, ஐடியா, இசிஇயா?” என்று அப்பாக்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வதெல்லாம் இந்தப் பழைய பாகப்பிரிவினையின் மிச்சம். ஐசிடி என்ற பெயரிலேயே பி.டெக் நடத்திய கல்லூரி நாட்டில் இல்லாமல் இல்லை. காந்திநகரில் 2001இல் தொடங்கிய திருபாய் அம்பானி நிறுவனம் அப்படித்தான் நடத்தியது. ஆனால் அது பொதுவழக்கமாகவில்லை. வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளுக்கு ஐசிடி என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் விற்பது மென்பொருள். கம்பி வேறு யாரோ போட்டுத் தந்தது.

‘சி’க்குள் எவ்வளவு அடங்கும் என்பதை நான் புரிந்துகொண்டது புதுச்சேரிக் கதையில்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். அங்கிருந்து கிராமங்களுக்கு நம்பகமான தொலைபேசி இணைப்பு இல்லாததால், விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுகளை வைத்துத் தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போகும் ஊர்களில் சோலார் பலகை. இடத்தை ஊர்தான் இலவசமாகத் தரவேண்டும், சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இருந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினம் மீனவக் கிராமம். கடலில் நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும் என்பது அங்கே உயிர்ப்பிரச்சினை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயர முன்னறிவிப்பு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. அதை எடுத்து, தமிழில் ஆக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது கணினித் திரையில் நின்றுவிட்டால் என்ன பயன்? கட்டுமரத்தை இறக்கப்போகிறவர் மையத்துக்குள் வந்து மவுஸைப் பிடித்துக்கொண்டா உட்காரப்போகிறார்? தெருவில் ஒலிபெருக்கி கட்டி, ஒரு நாளைக்குப் பலமுறை வாசித்தார்கள். கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடும் அதே குழாய் ஸ்பீக்கர். கடற்படைக் கணினி, இணையம், மொழிபெயர்ப்பு, வயர்லெஸ், குழாய் ஸ்பீக்கர், காது. இந்த வரிசையில் எந்த இடத்தில் ஐடி முடிந்து ‘சி’ தொடங்குகிறது என்று கோடு போடப் பார்த்தால், கடைசிக் கருவியான ஸ்பீக்கர்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் கொடுத்தது என்பது தெரியும்.

2004 டிசம்பர் 26 அன்று இதே புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு கிராமத்தில் நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்கு போன் போட்டார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. கவனியுங்கள்: அந்தக் காலையில் மையத்திலிருந்த கணினியை யாரும் தொடவே இல்லை. ஒரு போன் கால், ஒரு மைக். ஐடி என்று மட்டும் பெயர் வைத்து, கணினியை மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தால் உடைத்துத் திறக்க அங்கே ஒலிபெருக்கி இருந்திருக்காது.

போன் மட்டுமே செய்த இன்னொரு வேலை கேரளத்தில் பதிவாகியிருக்கிறது. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கரையோரத்தில் மொபைல் டவர்கள் வந்தபோது மத்தி மீன் விலை என்ன ஆயிற்று என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். டவர் வருவதற்கு முன், 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கரையை நெருங்கும்போதே போன் போட்டு விலை கேட்கும் வசதி வந்ததும் இந்த விரயம் ஏறக்குறைய நின்றுபோனது.

பிரிட்டனுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம், ஏனென்றால் அங்கே கதை தலைகீழானது. ஐசிடி என்று பெயர் வைத்த பாடத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட். 2012 ஜனவரியில் அந்நாட்டு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கை, ஐசிடி என்ற பெயரே கெட்டுப்போய்விட்டது, அதைக் கைவிடுங்கள் என்றது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தில் அந்தப் பாடம் ‘கம்ப்யூட்டிங்’ ஆகி, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நிரலின் அடிப்படை உண்டு என்றானது. பெயரை உலகத்துக்குப் பரப்பியவர்களே பெயரை விட்டுவிட்டார்கள். வாங்கிக்கொண்ட நாடுகள் இன்னும் வைத்திருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் அந்த ஓர் எழுத்துக்கு உண்மையான கனம்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. பெயரில் ‘சி’ இல்லை. உள்ளேயும் கணினி, மின்னணு ஆவணம், டிஜிட்டல் கையொப்பம் என்றுதான் பேசியது. எல்லோர் கையிலும் மொபைல் வந்த பிறகு, போனில் நடக்கும் குற்றம் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 2008இல் கொண்டுவந்த திருத்தத்தில், செல்போனையும் எழுத்து, ஒலி, படம் எதையும் அனுப்பப் பயன்படும் கருவியையும் ‘தொடர்புச் சாதனம்’ என்று வரையறுத்துச் செருகினார்கள். 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயரில் விட்ட எழுத்தை உள்ளே ஓர் உட்பிரிவாக ஒட்டவைத்த கதை இது.

ஒட்டவைத்தாலும், கம்பி இந்தச் சட்டத்தின் கைக்கு வரவில்லை. ஓர் இணையதளத்தையோ ஆப்பையோ முடக்கவேண்டுமானால் அரசு ஐடி சட்டத்தின் 69ஏ பிரிவைக் கையில் எடுக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்கள் முடக்கப்பட்டது இந்தப் பிரிவின் கீழ்தான். ஆனால் ஒரு மாவட்டத்தில் இணையத்தையே நிறுத்தவேண்டும் என்றால்? அதற்கு ஐடி சட்டம் உதவாது. அண்மைக்காலம் வரை அதற்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் வேண்டியிருந்தது. ஆமாம், தந்தி. கடைசித் தந்தி போய்ச்சேர்ந்து ஏறக்குறைய ஐந்து வருடம் ஆன பிறகும், 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டுக்கு 13 பேர் பலியான மறுநாட்களில், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது அந்தச் சட்டத்தின் கீழ் 2017இல் வகுத்த விதிகளால்தான். உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டார். டவர்கள் டேட்டாவை நிறுத்தின. அந்த மூன்று மாவட்டங்களில் எந்தக் கணினியும் கெடவில்லை. எந்தச் செர்வரிலும் எந்தக் கோப்பும் அழியவில்லை. ஐடி முழுசாக இருந்தது. இல்லாமல் போனது ‘சி’.

ஆப்பை முடக்குபவர் ஓர் அமைச்சகம், வழியை அடைப்பவர் இன்னோர் அதிகார மையம். அமைச்சகங்களும் இந்த விஷயத்தில் சேர்ந்து பிரிந்து விளையாடியிருக்கின்றன. 1999 அக்டோபரில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனி அமைச்சகம் வந்தது. 2001இல் தொலைத்தொடர்போடு சேர்த்து ஒன்றாக்கினார்கள்; பெயரில் இரண்டும் இருந்தன, கிட்டத்தட்ட ஐசிடி அமைச்சகம்தான். 2016 ஜூலையில் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள்: மின்னணு, தகவல் தொழில்நுட்பம் ஒரு பக்கம், தொலைத்தொடர்பும் தபாலும் மறுபக்கம். தொழில்நுட்பங்கள் கலந்துகொண்டே போன பதினைந்து வருடத்தில் அமைச்சகங்கள் சேர்ந்தும்விட்டன, பிரிந்தும்விட்டன.

இப்போது தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பழைய கோடு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. வாட்ஸ்அப் கால் என்பது ‘ஐ’யா, ‘சி’யா? பேசுகிறவருக்கு அது போன் கால்தான், சந்தேகமே இல்லை. 2022இல் வெளியான வரைவு, இத்தகைய ஆப்களையும் தொலைத்தொடர்புச் சேவை என்று வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது. இறுதிச் சட்டத்தில் அந்த வரி இல்லை. அவற்றை ஐடி சட்டத்தின் கீழ் மின்னணு அமைச்சகமே பார்த்துக்கொள்ளும் என்றார் அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர். ஆனால் புதிய சட்டத்தில் ‘செய்தி’ என்ற சொல்லின் வரையறை குறி, எழுத்து, ஒலி, படம் என்று எதையும் உள்ளே இழுக்கும் அளவுக்கு அகலமாக இருப்பதால், அந்த உறுதியை எல்லோரும் முழுசாக நம்பிவிடவில்லை.

இதில் பணமும் இருக்கிறது. சிம் கார்டு விற்கும் நிறுவனம் உரிமம் வாங்கவேண்டும், அலைக்கற்றையை ஏலத்தில் எடுக்கவேண்டும், வருவாயில் 8 சதவீதம் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். வாட்ஸ்அப்புக்கு இது எதுவும் கிடையாது. “ஒரே சேவைக்கு ஒரே விதிதானே இருக்கவேண்டும்” என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பல வருட முறையீடு. “கம்பியும் அலைக்கற்றையும் எங்களிடம் இல்லையே, எங்கள் ஆப்பால்தானே உங்கள் டேட்டா விற்கிறது” என்பது மறுபக்கத்தின் பதில். இருவரும் சண்டை போடுவது, தாங்கள் ‘ஐ’ பக்கமா ‘சி’ பக்கமா என்பதற்குத்தான். இந்தச் சண்டை முடியும் வரைக்கும், ஒரே போனில் அம்மாவைக் கூப்பிட டயலரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் அது ஓர் அமைச்சகத்தின் கணக்கு, வாட்ஸ்அப்பில் அழுத்தினால் இன்னோர் அமைச்சகத்தின் கணக்கு.